'ஆட்கள் தேவை' – ஒரு பலகையின் வரலாறு

தேர்வு முடிந்து, கேம்பஸ் இன்டர்வியூ சீசன் ஆரம்பிக்கப் போகிறது. வகுப்பில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு. "அந்தக் கம்பெனி நூறு பேர் எடுக்கிறதாம், நல்லா வளர்ற கம்பெனியாம்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பலகை ஒன்று ஞாபகம் வரும்.

எங்கள் ஊர் திருப்பூர். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பனியன் கம்பெனி. அதன் கேட்டில் "ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள், செக்கிங், ஹெல்பர் தேவை" என்று ஒரு தகரப் பலகை. நான் ஆறாவது படிக்கும்போது பார்த்த பலகை, பன்னிரண்டாவது முடிக்கும்போதும் அப்படியே இருந்தது. பெயின்ட் மட்டும் ஒருமுறை புதிதாக அடித்தார்கள்.

அப்பா சொல்வார்: "எப்பப் பார்த்தாலும் ஆள் கேட்கறாங்கன்னா ஆர்டர் நிறைய இருக்குதுன்னு அர்த்தம்." டெய்லராக இருபது வருஷம் வேலை பார்த்த மாமா சிரிப்பார்: "அப்படியில்ல கண்ணு. போர்டைக் கழட்டவே இல்லைன்னா, அங்க ஆள் நிக்கறதில்லைன்னு அர்த்தம்."

என் அக்கா அப்பா பேச்சைக் கேட்டாள். பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் செக்கிங் வேலைக்குப் போனாள். நான்கே மாதம். ஓவர்டைம் தாங்காமல் நின்றுவிட்டாள். அவள் சேர்ந்த அன்றும் பலகை இருந்தது, நின்ற அன்றும் இருந்தது.

அப்பா சொன்னது சரியா, மாமா சொன்னது சரியா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், நூறு வருட வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு நிறுவனத்தில் ஆள் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று தெரிய, சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தால் போதாது. சேர்ந்தவர்களிலிருந்து விலகியவர்களைக் கழிக்க வேண்டும். நூறு பேர் சேர்ந்து நூறு பேர் போய்விட்டால் வளர்ச்சி பூஜ்யம். ஆனால் அந்த வருடம் முழுக்க கேட்டில் பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இவ்வளவு எளிமையான கணக்கை நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஏனென்றால் சேர்க்கைக்கு விளம்பரம் உண்டு, விலகலுக்கு விளம்பரம் கிடையாது.

லண்டன் துறைமுகத்தின் கேட்

பலகையே இல்லாத ஒரு இடத்திலிருந்து ஆரம்பிப்போம். 19ஆம் நூற்றாண்டு லண்டன் துறைமுகம். காலையில் ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் கூலி ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வெளியே வந்து "நீ வா, நீ வா" என்று கை காட்டுவார். தேர்வானவருக்கு அன்றைக்குச் சோறு. மற்றவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு. சில நேரம் ஒரு மணி நேர வேலைக்குக்கூட ஆள் எடுத்தார்கள். 1889இல் நடந்த பெரிய துறைமுக வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் மணிக்கு 6 பென்ஸ் கூலி, எடுத்தால் குறைந்தது 4 மணி நேர வேலை என்ற நிலை வந்தது.

இந்தக் கேட்டுகளை உன்னிப்பாகக் கவனித்தவர் வில்லியம் பெவரிட்ஜ். வேலையின்மை என்பது தனி மனிதனின் சோம்பேறித்தனம் அல்ல, தொழில் நடக்கும் முறையில் உள்ள கோளாறு என்று 1909இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் வாதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் சொல்கிறேன். மூன்று கேட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வேலை அதிகமான நாளில் 100 பேர் வேண்டும், மந்தமான நாளில் 50 பேர் போதும். மூன்றுக்கும் ஒரே நாளில் வேலை அதிகமாவதில்லை. ஒருநாள் இங்கே, இன்னொரு நாள் அங்கே. அப்படியானால் துறைமுகம் முழுவதற்கும் 200 பேர் இருந்தால் எந்த நாளும் ஓடிவிடும். ஆனால் ஒவ்வொரு கேட்டும் தனக்கென்று 100 பேரை நிறுத்திவைப்பதால் 300 பேர் தினமும் காத்திருப்பார்கள். எந்த நாளிலும் நூறு பேருக்கு நிச்சயமாக வேலை இல்லை!

இதற்கு மருந்தாக, எந்த இடத்தில் வேலை காலி, எந்த ஆள் சும்மா இருக்கிறார் என்ற தகவலை ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று பெவரிட்ஜ் சொன்னார். ஜெர்மனியில் ஏற்கனவே இப்படி இருந்ததை 1907இல் நேரில் போய்ப் பார்த்து வந்தவர் அவர். அப்போது வர்த்தகத் துறையின் பொறுப்பில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் (ஆமாம், அதே சர்ச்சில்தான்) 1909இல் சட்டம் கொண்டுவந்தார். 1910 பிப்ரவரி 1 அன்று பிரிட்டனில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் முதன்முதலாகத் திறக்கப்பட்டன. காலியிடம் என்பது ஒரு முதலாளியின் கேட்டில் தொங்கும் விஷயமாக இருந்தது போய், அரசாங்கம் எண்ணிப் பார்க்கும் விஷயமாக மாறியது.

அதே பெவரிட்ஜ் 1944இல் முழு வேலைவாய்ப்பு என்றால் என்ன என்று வரையறுத்தார். வேலை தேடுபவர்களின் எண்ணிக்கையைவிடக் காலியிடங்களின் எண்ணிக்கை எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும் என்றார். வேலையில்லாதவர்களையும் காலியிடங்களையும் ஒரே படத்தில் வரையும் கோட்டுக்கு இன்றும் பொருளாதாரப் பாடத்தில் 'பெவரிட்ஜ் வளைவு' என்றுதான் பெயர்.

ஃபோர்டு கம்பெனி: சேர்க்கை ஏராளம், ஆள் அதே

அடுத்து அமெரிக்கா போவோம். டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலை. (நம் மறைமலை நகரில் தொழிற்சாலை நடத்தி 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியதே, அதே ஃபோர்டு.)

1913இல் அங்கே நகரும் அசெம்ப்ளி லைன் வந்தது. முன்பு ஒரு காரின் சேஸிஸைப் பூட்ட பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மாதங்களில் அது 93 நிமிடமாகக் குறைந்தது. கம்பெனிக்குக் கொண்டாட்டம். தொழிலாளிக்கு? நாள் முழுக்க ஒரே போல்ட், ஒரே திருகு. நின்று மூச்சு விடக்கூட முடியாது, லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். வந்தவர்கள் சில நாளிலேயே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

அந்த ஒரு வருடத்தில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, கம்பெனி 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. சராசரியாக வாரம் ஆயிரம் பேர்! ஆள் மாற்றம் 370 சதவீதம். கூடுதலாக 100 பேர் வேண்டுமென்றால் 963 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்று ஃபோர்டு வரலாற்றில் ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும்.

ஃபோர்டு கம்பெனி அப்போது உண்மையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது என்பது வேறு. ஆனால் அந்த 52,000 சேர்க்கையில் பெரும்பகுதி வளர்ச்சி அல்ல, ஓட்டை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் மாமா இதைப் படித்ததில்லை. ஆனால் அவருக்கு இது தெரிந்திருக்கிறது.

ஓட்டையை எப்படி அடைத்தார்கள்? 1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டும் அவரது பங்காளி ஜேம்ஸ் கஸன்ஸும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு அறிவிப்புச் செய்தார்கள். ஒன்பது மணி நேர வேலைக்கு 2.34 டாலர் என்பதற்குப் பதில், எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர். இரண்டு ஷிப்டு மூன்று ஷிப்டாகும், புதிதாக ஆட்கள் எடுப்போம். செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த சில நாட்களில் கடும் குளிரில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்டில் குவிந்தார்கள். இடம் சில ஆயிரம்தான். கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, ஜனவரி 12 அன்று தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டினார்கள். உறையும் குளிரில் உடுத்திய துணியெல்லாம் பனிக்கட்டியாகும் நிலை. ஒரு வேலை அறிவிப்பு இதுவும் செய்யும்.

அந்த 5 டாலரிலும் பாதி, நிபந்தனையோடு வந்த இலாபப் பங்கு. தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறார், குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று பார்க்க கம்பெனியே ஆள் அனுப்பியது. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

ஆனால் விளைவைப் பாருங்கள். 370 சதவீதமாக இருந்த ஆள் மாற்றம் 1914இல் 54 சதவீதம், 1915இல் 16 சதவீதம். 1913க்கும் 1916க்கும் இடையில் ஆண்டு உற்பத்தியோ இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அதாவது ஆட்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருக்கும் தேவை குறைந்த பிறகு கம்பெனி இன்னும் வேகமாக வளர்ந்தது!

பலகை காணாமல் போன காலம்

இதை வைத்து, பலகை இல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1929க்குப் பிறகு பெருமந்தம். காலியிடமே இல்லை. 1932 மார்ச் 7 அன்று வேலையில்லாத தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் டெட்ராய்டிலிருந்து டியர்போர்னில் இருந்த ஃபோர்டின் இன்னொரு தொழிற்சாலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். வேலை கொடு என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இப்போதும் குளிர்காலம்தான், இப்போதும் தண்ணீர் பீய்ச்சினார்கள். அதோடு நிற்காமல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்று 4 பேர் இறந்தார்கள், ஐந்தாமவர் பின்னர் இறந்தார்.

1914இல் அறிவிப்பை நம்பி வந்த கூட்டம், 1932இல் அறிவிப்பே இல்லாமல் வந்த கூட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பலகையின் அருமை புரிகிறது.

விளம்பரங்களை எண்ணியவர்கள்

1951 முதல் அமெரிக்காவில் கான்பரன்ஸ் போர்டு என்ற அமைப்பு ஒரு குறியீட்டெண் தயாரித்தது. முறை ரொம்ப சுலபம். 51 பெரிய செய்தித்தாள்களில் வரும் 'ஆட்கள் தேவை' வரி விளம்பரங்களை எண்ணுவது! பொருளாதாரம் சூடு பிடித்தால் விளம்பரம் கூடும், மந்தமானால் குறையும். பல ஆண்டுகள் இது நல்ல வெப்பமானியாக வேலை செய்தது.

ஆனால் வெப்பமானியே மாறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி என்று விளம்பரங்களைப் பிரித்துப் போடுவார்கள். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. இப்படிப் பிரிப்பதைத் தடை செய்தது செல்லும் என்று 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பு தெரிந்தவர் மூலம் சத்தமில்லாமல் நிரப்பிய இடங்களை, பாகுபாடு காட்டவில்லை என்று காட்டுவதற்காக நிறுவனங்கள் வெளிப்படையாக விளம்பரம் செய்ய ஆரம்பித்தன. பல நகரங்களில் போட்டிப் பத்திரிகைகள் மூடப்பட்டதால் மிச்சமிருந்த பத்திரிகையில் விளம்பரம் குவிந்தது. ஆக, குறியீட்டெண் கூடியதில் ஒரு பகுதிக்குக் காரணம் காலியிடம் கூடியது அல்ல, விளம்பரம் செய்யும் பழக்கம் மாறியது என்று காதரின் ஆப்ரகாம் என்ற பொருளாதார அறிஞர் 1987இல் எடுத்துக்காட்டினார்.

பிறகு இணையம் வந்தது. நம் நாட்டில் 1997இல் நௌக்ரி தளம் தொடங்கியது. செய்தித்தாளில் வரி விளம்பரத்துக்கு எழுத்துக்கு எழுத்து காசு. இணையத்தில் அந்தக் கணக்கு இல்லை. போட்ட விளம்பரத்தை எடுக்க மறந்தாலும் நஷ்டமில்லை. எங்கள் ஊர் தகரப் பலகை மாதிரிதான் :-)

தொட்டியும் குழாயும்

விளம்பரத்தை எண்ணினால் போதாது என்று தெரிந்ததும், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நேரடியாக நிறுவனங்களையே கேட்க ஆரம்பித்தது. 2000 டிசம்பரிலிருந்து மாதந்தோறும் இந்தக் கணக்கு இருக்கிறது. காலியிடம் என்று சொல்ல மூன்று நிபந்தனை. உண்மையிலேயே அப்படி ஒரு வேலை இருக்க வேண்டும், 30 நாளுக்குள் ஆரம்பிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஆள் எடுக்க முயற்சி நடந்துகொண்டிருக்க வேண்டும். கூடவே எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தாங்களாகவே விலகினார்கள், எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்பதையும் கேட்கிறார்கள். நாம் முதலில் பார்த்த கழித்தல் கணக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலியிடம் என்பது மாதக் கடைசியில் எடுக்கும் ஒரு போட்டோ. தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது போல. சேர்க்கை என்பது மாதம் முழுக்கக் குழாயில் ஓடிய தண்ணீர். குழாய் வேகமாக ஓடினால், தொட்டியில் கொஞ்சமே நின்றாலும் நிறையப் பேர் சேர்ந்திருப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி வழியும், சேர்க்கை மட்டும் கூடாது.

2022 மார்ச்சில் அமெரிக்காவில் காலியிடங்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம். அந்த மாதச் சேர்க்கை ஏறக்குறைய அதில் பாதியை ஒட்டித்தான். ஆனால் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய காலத்தில் மாதச் சேர்க்கை காலியிடங்களைவிட அதிகமாக இருந்தது. 2022 உச்சத்துக்கு ஒரு முக்கியக் காரணம், மக்கள் பெருமளவில் வேலையை விட்டுக்கொண்டிருந்தது. 2021 நவம்பரில் மட்டும் சுமார் 45 லட்சம் பேர் தாங்களாகவே விலகினார்கள். விட்டுப்போனவர் இடத்துக்கும் பலகைதான் மாட்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிர் 2009. அந்த ஜூலையில் ஒரு காலியிடத்துக்கு ஆறு பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு 2013இல் வந்தது. டேவிஸ், ஃபேபர்மன், ஹால்டிவாங்கர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் மேலே சொன்ன விவரங்களை நிறுவனம் நிறுவனமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, மொத்தச் சேர்க்கையில் ஐந்தில் இரண்டு பங்கு, மாத ஆரம்பத்தில் காலியிடம் எதுவும் இல்லை என்று சொன்ன இடங்களில் நடந்திருக்கிறது. பலகையே மாட்டாமல் ஆள் எடுக்கிறார்கள்! இரண்டு, வேகமாக வளரும் இடங்கள் காலியிடத்தை வேகமாக நிரப்புகின்றன. அதாவது நன்றாக வளரும் இடத்தில் ஒவ்வொரு பலகையும் சீக்கிரம் கழற்றப்படுகிறது.

மாமாவுக்கு இதைப் படித்துச் சொன்னேன். "இதுக்குப் போயி ஆராய்ச்சியா?" என்று கேட்டார்.

நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகம்

பத்தாவது முடித்ததும் எம்ப்ளாய்மெண்டில் பதிவு செய்வது நம் தமிழ்நாட்டில் சடங்கு மாதிரி. இதன் தொடக்கம் 1945. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித் தரத்தான் இந்த அலுவலகங்கள் அமைக்கப்பட்டன. 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

1959இல் ஒரு சட்டம் வந்தது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. தெரிவித்ததற்காக, அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. அறிவிப்பதற்குச் சட்டம் போடலாம், எடுப்பதற்குப் போட முடியாது. காலியிட அறிவிப்புக்கும் சேர்க்கைக்கும் நடுவே உள்ள பள்ளத்தைச் சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது.

அரசுத் துறை வேலைக்கு இந்த அலுவலகத்தின் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் அழைப்பது போதாது, பத்திரிகையிலும் அறிவித்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் நடந்ததுபோலவே இங்கேயும் நியாயத்துக்காக விளம்பரம் கூடியது. அந்த 1959 சட்டம், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்ட ஒன்பது சட்டங்களில் ஒன்று.

அப்பாவா, மாமாவா?

இருவரும் பாதி சரி. ஊர் முழுக்கப் பலகைகள் கூடினால் நல்ல காலம், ஊர் முழுக்கப் பலகைகள் மறைந்தால் கெட்ட காலம். இதில் அப்பா ஜெயித்தார். ஆனால் ஒரே ஒரு கம்பெனியின் பலகையை வைத்து அந்தக் கம்பெனி வளர்கிறது என்று சொல்ல முடியாது. இதில் மாமா ஜெயித்தார்.

எனவே இன்டர்வியூவுக்குப் போகும் நண்பர்களே, "ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று கடைசியில் கேட்பார்களே, அப்போது சும்மா தலையாட்டாதீர்கள். இது புதிதாக உருவான இடமா, யாராவது விட்டுப்போன இடமா? போன வருடம் இதே வேலையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? இந்த இரண்டையும் பணிவாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அந்தத் தகரப் பலகை என்னவாயிற்று? 2020 ஊரடங்கில் அந்த வழியாகப் போனேன். கேட்டில் பூட்டு. உள்ளே மிஷின் சத்தம் இல்லை. பலகை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, டெய்லர்கள் தேவை என்று. அக்காவிடம் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும்டா, அந்தப் போர்டு நம்மகிட்டப் பேசறதே இல்ல" என்றாள்.

அவள் இப்போது வேறொரு கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவளைச் சேர்த்துவிட்டது தெரிந்த ஒரு அக்கா. அந்தக் கேட்டில் பலகை எதுவும் இல்லை.